டீன் அறை வாசலில் ஒரு மேசை: கிராணி வேலையா இது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதிய தங்கை கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். வயது 24, வணிக நிர்வாகத்தில் டிப்ளோமா, இப்போது பட்டணத்தில் ஒரு கிளினிக் கவுண்டரில் வேலை. ஈப்போவில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், ஃபேகல்டித் தலைவரான டீனுக்கு எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டண்டாகச் சேர நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறது. போகலாமா? மலாயும் ஆங்கிலமும் எவ்வளவு வேண்டும்? சம்பளம் ஏறுமா? கணினியே எல்லாவற்றையும் செய்யும் காலத்தில் இந்த வேலை நிலைக்குமா? இத்தனையும் கேட்டுவிட்டு, கடைசி வரியில் "அப்பா, 'படிச்சு முடிச்சும் கிராணி வேலைதானா' என்கிறார்" என்று போட்டிருந்தீர்கள். கிராணி என்றால் தோட்டத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தா. என் கணக்கில் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். எனக்கும் ஊர் அதுதான். எல்பில் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவள். 1991 இல் கோலாலம்பூருக்குப் போனேன். அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 22 வருடம், அப்புறம் தனியார் ஒன்றில் 6 வருடம், இரண்டிலும் இதே வேலை. ஏழு டீன்களுக்கும் ஒரு துணைவேந்தருக்கும் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிட்டேன். 1998 இல் மோனாஷ், 2000 இல் நாட்டிங்ஹாம் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகள் இங்கே வந்தன. அந்த மாதிரி இடங்களில் நான் வேலை பார்த்ததில்லை. ஆகவே நான் சொல்வதை அங்கே அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

அப்பா சொல்லும் 'கிராணி' என்ற சொல்லில் எவ்வளவு கசப்பு இருக்கிறது என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். என் அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அப்புறம் வெட்டு. பாலை நிறுக்கும்போது கிராணி பென்சிலோடு நிற்பார். தோட்டத்துக் கிராணிகள் பெரும்பாலும் மலையாளிகளாகவோ யாழ்ப்பாணத்துக்காரர்களாகவோ இருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள், வெள்ளைச் சட்டை போட்டவர்கள். செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், அவர் ஒரு கோடு கிழித்தால் அன்றைக்கு அரைப்பேர், அரை நாள் கூலிதான். கோடு போட்டது கிராணியா, தோட்ட நிர்வாகியான துரையா என்று எங்களுக்குத் தெரியாது. பென்சில் யார் கையில் இருந்ததோ அவர்மேல்தான் கோபம். ஆகவே உங்கள் அப்பாவின் பயத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: சம்பளம் குறைவு என்பதைவிட, தன் மகள் இன்னொருவருடைய அதிகாரத்துக்குப் பென்சில் பிடிக்கப் போகிறாளோ என்று நினைக்கிறார். அந்தப் பயம் முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தோட்டத்தில் துரை என்றால் துரைதான், அதுதான் அவர் தொழில். பல்கலைக்கழகத்தில் டீன் என்பவர் கொஞ்ச காலத்துக்கு அந்த நாற்காலியில் உட்காரும் ஒரு பேராசிரியர். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரை உயர்கல்வி அமைச்சர் நியமிக்கிறார், டீனைத் துணைவேந்தர் நியமிக்கிறார். டீன் பதவி பெரும்பாலும் 2, 3 வருடத் தவணை. முடிந்ததும் தன் ஆய்வகத்துக்கும் வகுப்புக்கும் திரும்பிவிடுவார். என்னிடம் வந்த டீன்களில் ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கடல் பாசியை ஆராய்ந்தவர். அவர் உட்கார்ந்த முதல் திங்கட்கிழமை, கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டது: "இப்போ நான் என்ன செய்யணும்?" அவருக்கு வரவுசெலவுத் திட்டம் எப்போது போக வேண்டும், பல்கலைக்கழகத்தின் உயர் கல்விக் குழுவான செனட்டுக்கு எந்தத் தேதிக்குள் தாள் அனுப்ப வேண்டும், போன டீன் எந்தத் துறைக்கு என்ன வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். கம்பெனியில் ஒரு முதலாளிக்கு உதவியாளராக இருப்பதற்கும் இதற்கும் இதுதான் வேறுபாடு. கம்பெனியில் நீங்கள் ஒரு ஆளிடம் வேலை செய்கிறீர்கள். இங்கே நாற்காலியிடம். ஆள் மாறிக்கொண்டே இருப்பார்.

அதனால் தினசரி வேலை என்ன என்று கேட்டால், டைப் அடிப்பதும் டைரி பார்ப்பதும் அதில் பாதிகூட இல்லை. நான் சேர்ந்தபோது பிட்மன் சுருக்கெழுத்து படித்துவிட்டுத்தான் போனேன். ஐசக் பிட்மன் 1837 இல் வெளியிட்ட அந்த முறையை மலாய்க்கும் பொருத்தி, ட்ரெங்காஸ் என்ற பெயரில் இங்கே பலர் படித்தார்கள். அது இன்று யாருக்கும் வேண்டாம். வேண்டியது நாள்காட்டி அறிவு. பல்கலைக்கழகத்தில் எல்லாமே ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படியேறுகிறது. ஒரு புதிய பட்டப்படிப்பு என்றால் துறையில் பேசி, ஃபேகல்டி கூட்டத்தில் வைத்து, செனட்டுக்குப் போய், இயக்குநர் வாரியத்துக்குப் போய், அதன்பிறகு அமைச்சுக்கும் தகுதி முகவைக்கும் போகும். ஒரு படியில் தேதி தவறினால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். அப்படி இரண்டு படி தவறினால் மாணவர் சேர்க்கையே அடுத்த தவணைக்குத் தள்ளிப்போகும். இந்தச் சங்கிலி முழுவதையும் மனத்தில் வைத்திருப்பவர் பெரும்பாலும் டீன் அல்லர், வாசலில் உட்கார்ந்திருப்பவர்.

நீங்கள் போவது தனியார் இடம் என்பதால், சேர்ந்த முதல் வருடத்திலேயே எம்.கியூ.ஏ என்ற பெயரைத் தினமும் கேட்பீர்கள். தனியார் உயர்கல்வி நிலையங்கள் 1996 ஆம் ஆண்டின் 555 ஆம் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. படிப்புகளின் தரத்தைப் பார்ப்பது மலேசியத் தகுதி முகவை, அதுதான் எம்.கியூ.ஏ. அது 2007 ஆம் ஆண்டின் 679 ஆம் சட்டத்தில் பிறந்தது. படிப்பு தொடங்கும் முன் தற்காலிக அங்கீகாரம், முதல் அணி மாணவர்கள் கடைசி வருடத்துக்கு வரும்போது முழு அங்கீகாரம். முன்பு 9 பகுதிகளாகக் கேட்டதை, முகவையின் அங்கீகார வழிகாட்டியின் 2 ஆம் பதிப்பில் 7 பகுதிகளாகச் சுருக்கிவிட்டார்கள். கோப்பு மட்டும் சுருங்கவில்லை. மதிப்பீட்டுக் குழு வரும் இரண்டு நாளும் உங்களுக்குக் கல்யாண வீடு மாதிரி. அறை, கோப்பு, மாணவர்களைப் பேசக் கூட்டி வருவது, ஹலால் சாப்பாடு, குழுவில் ஒருவர் சைவமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது எல்லாம் உங்கள் தலையில் விழும். ஒரு விரிவுரையாளர் கையெழுத்துப் போடாமல் விட்ட ஒரு தாளுக்காக இரவு எட்டு மணிக்கு அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறேன்.

கூட்டத் தேதி குறிப்பதும் பார்க்கிற மாதிரி சுலபமில்லை. வெள்ளிக்கிழமை 12.15 முதல் 2.45 வரை அரசாங்க அலுவலகங்களில் தொழுகை இடைவேளை; அந்த நேரத்தில் அமைச்சுக்குப் போன் அடிக்காதீர்கள். நோன்பு மாதத்தில் மதிய விருந்தோடு கூட்டம் வைக்கக் கூடாது. கெடா, கிளந்தான், திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அங்குள்ளவர்களுக்கு ஞாயிறு வேலை நாள். அப்புறம் நம் பிரச்சினை ஒன்று. பட்டமளிப்பு விழாவைப் பல இடங்களில் அக்டோபர், நவம்பரில் வைக்கிறார்கள், தீபாவளியும் அப்போதுதான். விடுப்பு மனுவை ஆகஸ்டிலேயே போட்டுவிடுங்கள். நான் இரண்டு தீபாவளிக்குப் பலகாரம் சுடாமல் பட்டமளிப்பு அங்கிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது மினிட். கூட்டக் குறிப்பு எழுதுவதுதான் இந்த வேலையின் நடுத்தூண் என்பேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் பிழை, பேசியதையெல்லாம் எழுதுவது. மினிட் என்பது பேச்சின் பதிவு கிடையாது, முடிவின் பதிவு. என்ன முடிவு, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இருந்தால் போதும். மலாயில் எழுதும்போது இரண்டு சொல்லைக் கவனியுங்கள். 'மெங்கம்பில் மக்லும்' என்றால் கூட்டம் தெரிந்துகொண்டது, அவ்வளவுதான். 'பெர்செதுஜு' என்றால் கூட்டம் ஒப்புக்கொண்டது. ஆங்கிலத்தில் நோட்டட், அப்ரூவ்ட் என்பதற்குள்ள அதே தூரம். ஒரு துறைத் தலைவர் புதுக் கருவி வாங்க வேண்டும் என்று சொன்னதைக் கூட்டம் வெறுமனே கேட்டுக்கொண்டது. நான் அவசரத்தில் 'பெர்செதுஜு' போட்டுவிட்டேன். டீன் அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். மூன்று வாரம் கழித்து அந்தத் துறை கொள்முதல் பாரத்தோடு மினிட்டின் நகலையும் இணைத்து நிதிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டது. அடுத்த கூட்டத்தில் திருத்தம் போட்டு ஏதோ சமாளித்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு முடிவுக்கும் பிறகு, எல்லார் முன்னாலும், "இதை ஒப்புதல் என்று எழுதட்டுமா, தகவல் என்று எழுதட்டுமா?" என்று தலைவரிடம் வாய்விட்டுக் கேட்பேன். முதலில் கூச்சமாக இருக்கும். இரண்டு மாதத்தில் அவர்களே உங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திச் சொல்லப் பழகிவிடுவார்கள்.

பேராசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களில் யாரும் யாருக்கும் கீழே இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. டீன் சொன்னார் என்று நீங்கள் மெயில் அனுப்பினால் செய்ய மாட்டார்கள். ஏன் என்ற காரணமும், முடியாவிட்டால் வேறு வழியும் சொன்னால் செய்வார்கள். 'உடனடி' என்று தலைப்பில் போட்ட மெயிலை நான் பாதியாகக் குறைத்த வருடம் பதில்கள் அதிகமாக வந்தன. இதை யாரும் ஆராயவில்லை, என் அனுபவம்தான்.

இனிப் பெயர்களும் பட்டங்களும். இதைப் படிக்கும் மற்றவர்கள் சிரிக்கலாம், ஆனால் மலேசியாவில் இந்த வேலையில் ஒருவர் மானம் போவதும் நிற்பதும் இதில்தான். அரச விருதால் வரும் பட்டத்தைத் தமிழ்ப் பத்திரிகையில் டத்தோ என்று ஒரே மாதிரி எழுதிவிடுகிறோம். ரோமன் எழுத்தில் அது இரண்டு சொல். பேரரசர் தரும் கூட்டரசு விருதால் வரும் டத்தோ 'க்' ஒலிக்கான எழுத்தில் முடியும். சுல்தான்கள் தரும் மாநில விருதால் வரும் டத்தோவில் அந்த எழுத்துக்குப் பதில் மேலே ஒற்றை மேற்கோள் குறி வரும். மாற்றிப் போட்டால் அச்சுப்பிழையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வேறொருவர் கொடுத்த விருதாகிவிடும். டத்தோவைவிடப் பெரிய பட்டமான டான் ஸ்ரீயின் மனைவி புவான் ஸ்ரீ, டத்தோவின் மனைவி டத்தின். ஆனால் ஒரு பெண் தன் உழைப்பால் டத்தோ வாங்கினால் அவர் கணவருக்கு எந்தப் பட்டமும் கிடையாது. நான் ஒரு விருந்தில் அப்படிப்பட்ட கணவருக்கு இருக்கை அட்டையில் டத்தோ என்று அச்சடித்து வைத்துவிட்டேன். அவர் நல்ல மனிதர், அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வீட்டில் காட்டணும்" என்று சிரித்தார். எல்லாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். பட்டங்களுக்கு வரிசையும் உண்டு: யாங் பெர்பஹாகியா என்ற மரியாதைச் சொல், அப்புறம் பேராசிரியர், அப்புறம் டத்தோ, அப்புறம் டாக்டர், கடைசியில்தான் பெயர். யாராவது அரச விருது வாங்கிய செய்தி வந்த அன்றே உங்கள் முகவரிப் பட்டியலைத் திருத்திவிடுங்கள்.

பெயரிலும் அதே கதை. அகமட் பின் இஸ்மாயில் என்றால் அவர் பேராசிரியர் அகமட். வெளிநாட்டுக்காரர்கள் கடைசிப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, பேராசிரியர் இஸ்மாயில் என்று அவருடைய அப்பாவுக்குக் கடிதம் எழுதுவார்கள். டான் என்பது சீனருக்குக் குடும்பப் பெயர், அதனால் முன்னால் வரும், பேராசிரியர் டான் என்பதுதான் சரி. நம் பெயரில் மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கத்தின் நடுவில் ஒரு சாய்கோடு இருக்கிறதே, அதை விமான டிக்கெட் பதிவு செய்யும் பல கணினிகள் ஏற்றுக்கொள்வதில்லை. பாஸ்போர்ட் நகலைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். டீனுடைய பாஸ்போர்ட் காலாவதி ஆறு மாதத்துக்குள் வருகிறதா என்பதை ஜனவரியில் ஒருமுறையும் ஜூலையில் ஒருமுறையும் பார்ப்பது என் வழக்கம். அவர்கள் ஒருபோதும் பார்க்க மாட்டார்கள்.

இப்போது அப்பாவின் பயத்துக்கு வருகிறேன். டீன் வாசலில் உட்கார்ந்திருந்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரியாமல் ஒரு அதிகாரம் வந்துவிடும். பெரிய பெரிய பேராசிரியர்கள் உங்களிடம் வந்து, "இன்னைக்கு மூட் எப்படி?" என்று கேட்பார்கள். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து தருவார்கள். யாரை உள்ளே விடுவது, யாரை நாளைக்கு வரச் சொல்வது என்பது உங்கள் வாயில் இருக்கும். அதிகாரம் டீனுடையது, உங்களுக்கு அது இரவல். 2003 வாக்கில் என்று நினைக்கிறேன், ஒரு பையன் வந்தான். தோட்டத்துப் பையன் என்று சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது, தமிழில்தான் பேசினான். டீனைப் பார்க்க வேண்டும் என்றான். அன்றைக்குத் துணைவேந்தர் அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பும் நாள். நாளைக்கு வா என்றேன். மறுநாள் வந்தான், டீன் வெளியூர். வியாழக்கிழமை வா என்றேன். என்ன விஷயம் என்று கேட்டேன், தயங்கினான், "பரீட்சை விஷயம்" என்றான். பரீட்சை விஷயம் என்றால் பரீட்சைப் பிரிவுக்குப் போ என்று கொஞ்சம் கடிந்தே சொன்னேன். அவன் கேட்க வந்தது மறுதிருத்த மேல்முறையீட்டுக்கு டீனின் கையெழுத்து. கடைசி நாள் புதன்கிழமை. வியாழன் வந்தபோது நேரம் கடந்துவிட்டது. அவன் அந்தப் பாடத்தை மறுபடியும் எடுத்து, ஒரு செமஸ்டர் பின்தங்கினான். என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லைங்க அக்கா" என்றான். பெரட்டுக் களத்தில் கிராணி முன்னால் என் அப்பா நின்ற நிற்பு எனக்கு நினைவு வந்தது. இந்தத் தடவை பென்சில் என் கையில் இருந்தது. அதன் பிறகு, வாசலுக்கு வரும் யாரிடமும் நான் முதலில் கேட்டது என்ன விஷயம் என்று அல்ல, "கடைசி நாள் எப்போது?" என்றுதான். மாணவர்கள் விஷயத்தைச் சொல்லத் தயங்குவார்கள், தேதியைச் சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டு மாணவர்கள் வந்து விசா பற்றிக் கேட்டால் எதற்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது குடிநுழைவுத் துறையும் இ.எம்.ஜி.எஸ் அமைப்பும் பார்க்கும் வேலை. உரிய பிரிவின் ஆளுடைய பெயரையும் அறை எண்ணையும் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

இரகசியம் காப்பது பற்றி எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் நடைமுறையில் அது வாயைவிட விரலில்தான் போகிறது. பதவி உயர்வுக் கோப்பு, வினாத்தாள், ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம், இவை தவறான ஆளுக்குப் போவது பெரும்பாலும் 'எல்லாருக்கும் பதில்' என்ற பொத்தானால்தான். முகவரியைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் கடிதம், அப்புறம் இணைப்பு, அப்புறம்தான் யாருக்கு என்பது. தனியார் நிலையங்களுக்கு 2010 ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். ஒரு அம்மா போன் செய்து, "என் மகன் பாஸா?" என்று அழுதாலும் மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது. இது கடினம். நம் ஊர் அம்மாக்கள் அழுதால் இன்னும் கடினம்.

மொழி பற்றி. தனியார் என்றால் ஆங்கிலம்தான் முக்கியம், ஆனால் அமைச்சுக்கும் முகவைக்கும் போகும் கடிதங்களில் மலாய் வரும். பேச்சு மலாய் பாசாரில், அதாவது சந்தையில், போதும், கடிதத்தில் போதாது. சந்தேகம் வந்தால் மலாய் மொழிக் கழகமான டேவான் பஹாசாவின் பி.ஆர்.பி.எம் தேடுதளத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கமுஸ் டேவான் அகராதி இலவசம். ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது. செயலாளருக்கு ஆங்கிலச் சொல்லான செக்ரட்டரிக்குள் இரகசியம் இருக்கிறது. மலாய்ச் சொல்லான செத்தியாஉசாஹாவில் செத்தியா என்பது விசுவாசம், உசாஹா என்பது முயற்சி. இரண்டும் சத்தியம், உற்சாகம் என்ற அதே சமஸ்கிருத வேர்கள். நம் தமிழில் செயல். தமிழ்ச் சொல்தான் வேலைக்கு மிக நெருக்கம் என்று தோன்றும், பாசம் காரணமாகவும் இருக்கலாம்.

சம்பளத்துக்கு வருவோம். தனியார் இடங்களில் தொகை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் எண் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 45 மணி நேரம்தான். மாதம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அதற்கு மேல் வேலை செய்தால் ஓவர்டைம் உண்டு. பதவிப் பெயரில் 'எக்ஸிகியூட்டிவ்' என்று இருப்பதால் ஓவர்டைம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; சட்டம் பார்ப்பது சம்பளத்தை, பெயரை அல்ல. ஊழியர் சேமநிதியில் 5,000 வெள்ளி வரையான சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. இதையெல்லாம் நேர்முகத்தில் சண்டை மாதிரிக் கேட்க வேண்டாம், ஒப்பந்தத்தில் படித்துப் பார்த்தால் போதும். ஊரிலிருந்து ஈப்போவுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். பெட்ரோல் செலவைக் கழித்துவிட்டுக் கிளினிக் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள்.

ஏறுமா என்றால், அரசாங்கப் பக்கம் படிகள் தெளிவாக இருந்தன. அலுவலகச் செயலாளரின் சம்பளத் தரம் என்.29 என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது, 2024 டிசம்பர் 1 முதல் வந்த புதிய சம்பள முறையில் என்.5 ஆகிவிட்டது. அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் ஆளைத் தாங்களே எடுக்கின்றன, அவரவர் இணையத்தளத்தில் விளம்பரம் வரும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்மில் மலாய்க்குக் கிரெடிட் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு பாடத்தை மறுபடியும் எழுதலாம். டிப்ளோமாவோடு போனால் எங்கேயும் ஒரு கூரை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். உதவிப் பதிவாளர் ஆக வேண்டுமானால் பட்டம் கேட்பார்கள். நான் அந்தப் பட்டத்தைப் படிக்கவில்லை. பிள்ளைகள் சின்னவர்கள், வார இறுதி வகுப்புக்கு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப் போட்டேன். என்னோடு சேர்ந்த ஒரு சிநேகிதி தொலைக்கல்வியில் படித்து ஏழே வருடத்தில் என்னைத் தாண்டிப் போனாள். நீங்கள் போகும் இடத்தில் ஊழியருக்குக் கட்டணச் சலுகை இருந்தால் சேர்ந்த இரண்டாவது வருடமே பதிந்துவிடுங்கள். இந்த வேலைக்கே அது பெரிய சம்பளம்.

கணினி விழுங்கிவிடுமா என்பதில் நான் உறுதியாகப் பேச முடியாது, சொல்வது ஊகம்தான். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை போய்விட்டது, போகட்டும். டிக்கெட் பதிவதும் போகும். ஆனால் கூட்டம் ஒப்புக்கொண்டதா, கேட்டுக்கொண்டதா என்பதை ஒருவர் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். வாசலில் தயங்கி நிற்கும் பையனிடமும் யாராவது கேட்டாக வேண்டும். ஒரு டீனுக்கு ஒரு உதவியாளர் என்பது மூன்று டீன்களுக்கு ஒருவர் என்று சுருங்கலாம். அதற்குள் நீங்கள் பட்டம் வாங்கியிருந்தால் நல்லது.

ஆக, போங்கள் என்பேன். நேர்முகத்தில் மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: டீனின் தவணை எப்போது முடிகிறது, இதற்கு முன் இந்த மேசையில் இருந்தவர் ஏன் போனார், அடுத்த எம்.கியூ.ஏ வருகை எந்த மாதம். இரண்டாவது கேள்விக்கு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் கொஞ்சம் யோசியுங்கள். பெரும்பாலும் ஒரு கடிதம் எழுதச் சொல்லிச் சோதிப்பார்கள். எழுத ஆரம்பிக்கும் முன், பெறுநர் டத்தோ என்றால் எந்த டத்தோ என்று கேட்டுவிடுங்கள். சனிக்கிழமை வேலை உண்டா என்பதை மட்டும் கடைசியில், கிளம்பும்போது கேளுங்கள்.